பேசின விலை ஒன்று, கைக்கு வந்தது ஒன்று: பழைய பொருள் விற்கும்போது ஆன்லைன் கட்டணம் யார் தலையில்?

பத்தாயிரம் ரூபாய்க்குப் பேசி முடித்த தையல் மெஷின். வாங்குபவர் கிரெடிட் கார்டில்தான் கட்டுவேன் என்கிறார். உங்கள் மச்சான் கடையின் பேமென்ட் லிங்க்கை அனுப்புகிறீர்கள். அவரும் உடனே கட்டிவிடுகிறார். இரண்டு நாள் கழித்து மச்சான் கணக்கில் 9,764 ரூபாய் வந்து விழுகிறது. வாங்கியவரிடம் கேட்டால் "நான் முழுசாத்தான கட்டினேன் அண்ணே" என்று போனைக் காட்டுகிறார். அதில் 10,000 என்றுதான் இருக்கிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நடுவில் போன 236 ரூபாய் யாருடையது என்று முன்கூட்டி ஒருவரும் பேசவில்லை.

முதல்முறையாகப் பழைய பொருள் ஒன்றை விற்கவோ வாங்கவோ போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடை வைத்திருப்பவர்களுக்குச் சட்டம் வேறு, கணக்கு வேறு. இங்கே பேசுவது வீட்டில் சும்மா கிடக்கிற ஸ்கூட்டர், ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர், பழைய வீட்டைப் பொளித்தபோது மிஞ்சிய ஓடும் தேக்குக் கதவும், வள்ளத்திலிருந்து கழற்றி வைத்த என்ஜின், இந்த மாதிரிச் சரக்கு பற்றி. குமரி மாவட்டத்தில் இதற்கெல்லாம் ஆள் வருவது பக்கத்துத் தெருவிலிருந்து மட்டும் இல்லை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளம், ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி. வளைகுடாவில் இருந்துகொண்டு ஊரில் வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவர்களும் உண்டு. ஆள் தூரத்தில் இருந்தால் பணம் பல கை மாறி வரும். ஒவ்வொரு கையும் கொஞ்சம் பிடிக்கும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு பிடிக்காத வழி ஒன்று திறந்திருக்கும்போது, காசு பிடிக்கிற வழியை யார் கேட்கிறாரோ கட்டணம் அவருக்கு. வேறு வழியே இல்லை, காசு பிடிக்கிற வழிதான் உண்டு என்றால் அது விற்பவருக்கு. அவர் அதைக் கணக்குப் பார்த்து விலையிலேயே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு விலையைச் சொல்லி ஆளை வரவழைத்துவிட்டு, கடைசியில் "சார்ஜ் தனி" என்பது மரியாதை இல்லை. பழைய மரம் வாங்கப் போனால் ஏத்துக்கூலி யாருக்கு என்று விலை பேசும்போதே கேட்கிறோம், லாரி வந்து நின்ற பிறகு கேட்பதில்லை. இதுவும் அதே மாதிரிதான்.

முதல் படி: கட்டணம் என்று ஒன்று உண்டா?

பாதிச் சண்டை இல்லாத கட்டணத்துக்காக நடக்கிறது. ஒரு தனிநபர் தன் வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு தனிநபர் கணக்குக்கு யுபிஐ வழி அனுப்பினால் இருவருக்கும் கட்டணம் கிடையாது. ஜிபே, போன்பே, பேடிஎம், பீம் எதுவானாலும் இதுதான். அதனால் "யுபிஐ சார்ஜ் சேர்த்து அனுப்புங்க" என்று விற்பவர் கேட்டால், "எந்தச் சார்ஜ் அண்ணே?" என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது.

கடைகளுக்கும்கூட 2020 ஜனவரி 1 முதல் யுபிஐ, ரூபே டெபிட் கார்டு இரண்டுக்கும் வியாபாரிக் கட்டணம் இல்லை என்று அரசு வைத்திருக்கிறது. வாலட்டில் ஏற்றி வைத்த பணத்தைக் கடையில் 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 1.1 சதவீதம் வரை கட்டணம் என்று 2023 ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது நினைவிருக்கலாம். அது வியாபாரிக்குப் பணம் வாங்கித் தருகிற நிறுவனமும் வாலட் நிறுவனமும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வது. தனிநபருக்குள் நடக்கிற விற்பனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்தச் செய்தியைக் காட்டியே இன்றும் சிலர் கேட்கிறார்கள்.

அப்புறம், யுபிஐயில் கிரெடிட் கார்டை இணைக்கலாமே என்பவர்களுக்கு: ரூபே கிரெடிட் கார்டை இணைக்கலாம்தான். அதிலிருந்து கடைகளுக்குக் கட்டலாம், தனிநபருக்கு அனுப்ப முடியாது. அதனால்தான் அப்படிப்பட்டவர்கள் உங்களிடம் கடை க்யூஆர் இருக்கிறதா என்று கேட்பார்கள். இருந்தாலும் கொடுக்க வேண்டாம் என்பேன். வீட்டுப் பொருள் விற்ற பணம் கடை வரவில் கலந்தால் பிறகு பிரித்துக் காட்ட வேண்டிய தலைவலி உங்களுக்கு. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் சிறு வியாபாரிகளுக்கு யுபிஐ வரவை வைத்தே ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. இரவல் வாங்கிய மச்சானுடைய க்யூஆர் என்றால் தலைவலி அவருக்கு, உறவு உங்களுக்கு.

இரண்டாம் படி: தொகையைப் பார்த்து வழியைப் பிடியுங்கள்

ஒரு லட்சம் வரைக்கும் யோசிக்கவே வேண்டாம், யுபிஐ போதும். தனிநபருக்கு அனுப்ப நாளொன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்பதே பொது வரம்பு. சில வங்கிகள் அதையும் குறைத்து வைத்திருக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: யுபிஐயில் புதிதாகச் சேர்ந்தவர், போனை மாற்றியவர் இவர்களுக்கெல்லாம் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு. நாளைக்கு ஸ்கூட்டர் எடுக்க வருகிறவர் இன்றைக்குப் புதுப் போன் வாங்கியிருந்தால் வாசலில் நின்று இரண்டு பேரும் விழிக்க வேண்டியதுதான். முந்தின நாளே ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கச் சொல்வது நல்லது. பெயர் சரியா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

லட்சத்துக்கு மேல் போனால் வங்கி வழிகள். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து இருபத்திநாலு மணி நேரமும் ஓடுகிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து நெட் பேங்கிங்கிலோ வங்கியின் செயலியிலோ அனுப்பினால் 2020 ஜனவரி முதல் கட்டணம் இல்லை. பணம் அரைமணிக்கொரு தொகுப்பாகப் போகும் என்பதால் அனுப்பிய நொடியே வந்து விழாது. ஒரு சாயா குடித்து, கொஞ்சம் ஊர்க்கதை பேசி முடிக்கிற நேரம் ஆகலாம். அதுவரை சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.

வங்கிக் கிளைக்குப் போய்ச் சலான் எழுதி நெஃப்ட் அனுப்பினால் மட்டும் கட்டணம் உண்டு. ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு இது: 10,000 வரை இரண்டரை ரூபாய், ஒரு லட்சம் வரை 5 ரூபாய், இரண்டு லட்சம் வரை 15 ரூபாய், அதற்கு மேல் 25 ரூபாய். இதன் மேல் ஜிஎஸ்டி. ஆர்டிஜிஎஸ் இரண்டு லட்சத்திலிருந்துதான் தொடங்கும். கிளையில் அனுப்பினால் ஐந்து லட்சம் வரை இருபத்திநாலரை ரூபாய், அதற்கு மேல் நாற்பத்தொன்பதரை ரூபாய் என்பது உச்சம். ஐஎம்பிஎஸ் ஐந்து லட்சம் வரை போகும், உடனே விழும். கட்டணம் வங்கிக்கு வங்கி வேறு.

இந்தக் கட்டணம் எல்லாம் அனுப்புகிறவர் கணக்கில் பிடிக்கப்படுவது. வாங்குபவருடையது, பேச்சே வேண்டாம். மூன்று லட்சத்துக்குக் கார் வாங்குகிறவர் முப்பது ரூபாயைக் குறைத்து அனுப்பினால், அவருக்கு இனி வண்டிப் பெயர் மாற்றத்தில் எவ்வளவு பொறுப்பு இருக்கும் என்று ஒரு சந்தேகம் எனக்கு வரும்.

நெஃப்டிலும் ஆர்டிஜிஎஸ்ஸிலும் கணக்கு எண்ணைப் போட்டால் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் முதல் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. வாங்குபவர் அதைப் பார்க்காமல் அழுத்தக்கூடாது. தப்பான கணக்குக்குப் போன பணத்தைத் திரும்ப வாங்குவதோடு ஒப்பிட்டால் எந்தக் கட்டணமும் கட்டணமே இல்லை.

ரொக்கம் இலவசம் என்று நினைக்கிறோம். அதுவும் முழுசாக உண்மை இல்லை. சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து முறை, நம் ஊர் மாதிரிப் பெருநகரம் அல்லாத இடங்களில் மற்ற வங்கி ஏடிஎம்மிலும் ஐந்து முறை இலவசம். அதற்கு மேல் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை, ஜிஎஸ்டி தனி. ஒரே மூச்சில் 60,000 எடுக்க இரண்டு மூன்று ஏடிஎம் ஏறி இறங்கியவருக்குத் தெரியும். இதுவும் வாங்குபவர் பாடுதான். ஆனால் "ரொக்கம்தான் வேணும்" என்று விற்பவர் ஒரே பிடியாக நின்றால் அந்தச் சில்லறையைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல வாங்குபவருக்கு நியாயம் இருக்கிறது.

ஒரே ஆளிடமிருந்து, ஒரே விற்பனைக்கு, இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. இரண்டாகப் பிரித்து இரண்டு நாளில் வாங்கினாலும் அதே விற்பனைக்கு என்றால் கணக்கு ஒன்றுதான். வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதமாகப் போகலாம். அபராதம் பணத்தைப் பெற்றவருக்கு, கொடுத்தவருக்கு அல்ல.

மூன்றாம் படி: விளம்பரத்திலேயே எழுதுங்கள்

ஓஎல்எக்ஸோ, ஃபேஸ்புக்கோ, ஊர் வாட்ஸ்ஆப் குழுவோ, விலைக்குக் கீழே ஒரு வரி போதும். இப்படி எழுதலாம்:

"விலை 42,000, கைக்கு வர வேண்டிய தொகை. யுபிஐ, நெஃப்ட், ரொக்கம் எதுவும் சரி. கார்டு அல்லது வேறு வழி என்றால் பிடித்தம் வாங்குபவருக்கு."

"கைக்கு" என்ற சொல் நம் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். சம்பளம் பேசும்போதும், தரகு போக நிலத்துக்கு எவ்வளவு என்று பேசும்போதும் சொல்வதுதான். அந்த ஒரு சொல்லை விளம்பரத்தில் போட்டுவிட்டால் பிற்பாடு வருகிற பேச்சு பாதியாகக் குறையும்.

நேரில் வந்து பேசுகிறவரிடமும் விலை முடிவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பேரம் இப்படித்தான் போகும்:

"அண்ணே, கார்டுல அடிச்சா ஆகுமா?"

"ஆகும் மக்களே. நூத்துக்கு ரெண்டரை ரூவா கிட்ட பிடிப்பான். அது உனக்க கணக்கு. ஜிபே பண்ணினா ஒண்ணும் இல்ல."

"அப்ப ஒரு ஆயிரம் கொறைங்க, நான் ஜிபே பண்ணுதேன்."

இந்தக் கடைசி வரிக்கு ஏமாறாதீர்கள். இலவசமான வழியில் அனுப்புவதற்காக விலையைக் குறைக்க ஒரு காரணமும் இல்லை. குறைக்க விருப்பம் இருந்தால் வேறு காரணத்துக்காகக் குறையுங்கள், டயர் தேய்ந்திருக்கிறது என்றாவது.

"பாதிப் பாதி போட்டுக்கலாம்" என்று சிலர் சமாதானம் பேசுவார்கள். தெரிந்தவர்களுக்குள் அது சரிதான். ஆனால் சதவீதத்தில் பேசாமல் ரூபாயில் பேசுங்கள். "பிடித்தம் 240 வரும், நான் 120, நீங்க 120" என்று சொன்னால் அதோடு முடிந்தது. "ஆளுக்குப் பாதி" என்று விட்டால், எதன் பாதி என்று மறுபடி உட்கார வேண்டும்.

சொந்தக்காரர்களுக்கு விற்கும்போது இதெல்லாம் பேச வாய் வராது. மாமாவிடம் 236 ரூபாய் கேட்டால் அடுத்த கல்யாண வீட்டில் அது பேச்சாகும். அதனால் சொந்தத்துக்கு விற்கிறவர்கள் யுபிஐ அல்லது ரொக்கம் தவிர வேறு வழியைத் திறக்கவே வேண்டாம்.

நான்காம் படி: பிடித்தத்தைச் சேர்க்கிற கணக்கு

வாங்குபவர் பிடித்தத்தை ஏற்றுக்கொண்டார் என்று வைப்போம். இங்கேதான் பலரும் தப்புச் செய்கிறார்கள். பேமென்ட் லிங்க் தரும் நிறுவனங்களில் பலவும் கார்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் பிடிக்கின்றன. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 2.36 சதவீதம். பத்தாயிரத்துக்கு 236 ரூபாய்.

அப்படியானால் 10,236 வாங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. நிறுவனம் பிடிப்பது பத்தாயிரத்தில் இல்லை, கட்டிய முழுத் தொகையில். 10,236-இல் 2.36 சதவீதம் 241 ரூபாய் 57 காசு. கைக்கு வருவது 9,994 ரூபாய் சொச்சம். ஐந்தாறு ரூபாய்தானே என்று விடலாம், பத்தாயிரத்துக்கு விடலாம். இரண்டு லட்சத்துக்கு அது நூறு ரூபாயைத் தாண்டும்.

சரியான கணக்கு வகுத்தல்தான். நூறில் பிடித்தம் போக மீதி எவ்வளவு என்று பாருங்கள், 97.64. கைக்கு வர வேண்டிய தொகையை நூறால் பெருக்கி அதால் வகுங்கள். 10,000-க்கு விடை 10,241 ரூபாய் 70 காசு. வாங்குபவரிடம் 10,242 என்று சொல்லிவிடலாம். போனில் கால்குலேட்டரைத் திறந்து அவர் கண்முன்னே போடுங்கள். நீங்களாக ஒரு எண்ணைச் சொல்வதைவிட அவர் கண்ணால் பார்த்துவிட்டால் பேச்சு அதோடு நிற்கும். "சார்ஜ்" என்று 500 ரூபாய் கூட்டிக் கேட்டு, பிடித்தம் 240 போக மீதியைப் பையில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வாங்குபவர் அந்த நிறுவனத்தின் செட்டில்மென்ட் விவரத்தைக் காட்டச் சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடை இயந்திரத்தில் தேய்த்துக் கொடுப்பதாகச் சொல்வார்கள்: தெரிந்த கடையில் கிரெடிட் கார்டைத் தேய்த்து, கடைக்காரர் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கிற ஏற்பாடு. கமிஷன் யாருக்கு என்ற கேள்விக்கே போக வேண்டாம். விற்காத சரக்கை விற்றதாகக் காட்டுகிற வேலை அது. வங்கி கண்டுபிடித்தால் கடைக்காரருடைய இயந்திரம் போகும், கார்டுக்காரர் பெயரும் கெடும். டெபிட் கார்டு என்றால் இன்னொன்று: வியாபாரிக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லிவிட்டது.

ஐந்தாம் படி: பணம் கடல் தாண்டி வந்தால்

வளைகுடாவிலோ வேறு நாட்டிலோ இருப்பவர் வாங்குகிறார் என்றால் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: "இங்க உங்களுக்கு என்ஆர்ஓ, என்ஆர்இ அக்கவுண்ட் இருக்கா?" வெளிநாட்டில் வாழ்கிற இந்தியர்கள் இங்குள்ள வங்கியில் வைக்கிற கணக்குகள் அவை. இருந்தால் விஷயம் பாதி முடிந்தது. ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் போன்ற நாடுகளின் போன் எண்ணை வைத்தே அந்தக் கணக்குகளில் யுபிஐ பயன்படுத்த 2023-லிருந்து வழி இருக்கிறது. அவருடைய வங்கி அதைத் தருகிறதா என்று பார்த்தால் போதும். இல்லையென்றால் ஊரில் இருக்கும் மனைவியோ தம்பியோ அனுப்பட்டும். குமரியில் பெரும்பாலும் அப்படித்தான் முடியும். கட்டணம் என்ற பேச்சே வராது.

அவரே நேராக அங்கிருந்து உங்கள் கணக்குக்கு அனுப்புகிறார் என்றால் அனுப்புகிற இடத்தில் ஒரு கட்டணம், நடுவில் இருக்கிற வங்கி ஒன்று, இங்கே உங்கள் வங்கியின் கட்டணம், இதுபோக மாற்று விகிதத்தில் கொஞ்சம். எத்தனை பேர் கைவைத்தார்கள் என்று பணம் வந்த பிறகுதான் தெரியும். இதற்கு வங்கிகளே மூன்று வகை வைத்திருக்கின்றன. நாடு விட்டு நாடு பணம் அனுப்புகிற ஸ்விஃப்ட் படிவத்தில் 'OUR' என்று குறித்தால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கு. 'BEN' என்றால் எல்லாம் பெறுபவருக்கு. 'SHA' என்றால் அவரவர் பக்கத்தை அவரவர் ஏற்பது. வாங்குபவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பல இடங்களில் 'SHA' என்றே போய்விடும், உங்களுக்குக் குறைவாக வரும். எனவே 'OUR' என்று குறிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் எவ்வளவு பிடிக்கும் என்று வங்கியில் கேட்டு விலையில் முன்னமே சேருங்கள். விலையை ரூபாயில் முடித்துக்கொள்வதும் முக்கியம். திர்ஹமிலோ டாலரிலோ பேசினால் மாற்று விகிதத்தின் ஏற்ற இறக்கமும் உங்களுடையதாகிவிடும்.

பேபால் பற்றிக் கேட்கிறார்கள். பழைய நாணயம், தபால் தலை, கைவேலைச் சாமான் என்று வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு அது வழக்கம். இந்தியாவுக்குள் இருவருக்கிடையே பேபால் 2021 ஏப்ரலோடு நின்றுவிட்டது. வெளிநாட்டிலிருந்து பெறலாம். பெறுகிறவருக்குப் பொதுவான கட்டணம் 4.4 சதவீதமும், டாலரில் என்றால் அதன்மேல் 30 சென்ட்டும். நூறு டாலருக்கு 4 டாலர் 70 சென்ட் போய்விடும். டாலரை ரூபாயாக்கும்போது இன்னொரு வெட்டு. இங்கே என் தீர்ப்பு விற்பவருக்கு எதிராகத்தான்: வெளிநாட்டு வாங்குபவருக்கு வேறு எளிய வழி இல்லை, பேபால் கணக்கை வைத்திருப்பது நீங்கள். முழுத் தொகையையும் விலையிலேயே சேர்த்துச் சொல்லுங்கள், தனி வரியாகக் கேட்காதீர்கள். கட்டணத்திலிருந்து தப்பிக்க "நண்பருக்கு அனுப்புவதாகப் போட்டுவிடுங்கள்" என்று கேட்பது அதைவிட மோசம். அப்படி அனுப்பினால் பொருள் வராதபோது பணத்தைத் திரும்பக் கேட்கிற பாதுகாப்பு வாங்குபவருக்கு இல்லாமல் போகும். நீங்கள் வாங்குகிற இடத்தில் இருந்தால் இந்தப் பேச்சு வந்ததுமே விலகிவிடுங்கள்.

ஊருக்கு விடுமுறைக்கு வந்த வளைகுடாக்காரர் தன் பைக்கை விற்கிறார் என்றால் ஒரு சின்ன விஷயம். இங்கே ரூபாயில் கிடைக்கிற பணம் அவருடைய என்ஆர்ஓ கணக்கில் விழ வேண்டும், என்ஆர்இ கணக்கில் அல்ல. தப்பான கணக்கு எண்ணைக் கொடுத்துப் பணம் திரும்பிப் போய், மறுபடி அனுப்புகிற செலவு வந்தால் அது கணக்கு எண் கொடுத்தவருக்கு.

ஆறாம் படி: கட்டணம் என்ற பெயரில் வருகிற திருட்டு

யார் தலையில் கட்டணம் என்ற குழப்பத்தைத்தான் ஏமாற்றுக்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். போனில் ஒருவர்: "நான் ராணுவத்தில் இருக்கிறேன், வடக்கே போஸ்டிங். உங்க ஃப்ரிட்ஜை எடுக்க ஆள் அனுப்புறேன். பணம் இப்பவே போடுறேன், இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க." பேரமே பேசமாட்டார். பொருளை நேரில் பார்க்கமாட்டார். ஆசாரிப்பள்ளம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது, ஆனால் முழு விலை தருவார்.

பணம் வாங்குவதற்கு ஸ்கேன் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பின் எண் போடுகிற இடத்தில் எல்லாம் பணம் உங்களை விட்டுப் போகிறது என்றுதான் பொருள். முன்பு 'பணம் கேட்டு வேண்டுகோள்' அனுப்பி அழுத்த வைப்பார்கள். தனிநபருக்குள் அந்த வசதியையே 2025 அக்டோபர் முதல் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் நிறுத்திவிட்டது. க்யூஆர் வித்தை இன்னும் நிற்கவில்லை.

அடுத்த வகை, நம் கட்டுரைக்கு நெருங்கிய சொந்தம். "பணம் அனுப்பியாச்சு, உங்க அக்கவுண்ட் பிசினஸ் அக்கவுண்ட் இல்லாததால நிக்குது. 1,500 ரூபாய் சார்ஜ் கட்டுங்க, சேர்த்து வந்துடும்." அல்லது ஜிஎஸ்டி, அல்லது கொரியர் இன்சூரன்ஸ். பெயர் எதுவானாலும், பணம் பெறுகிறவரை முன்கூட்டிக் கட்டணம் கட்டச் சொல்கிற வங்கி கிடையாது. உண்மையான பிடித்தம் வருகிற பணத்திலிருந்துதான் கழியும், தனியாகக் கேட்டு வராது. இதை மட்டும் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள், மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. பணம் போய்விட்டால் நேரத்தை வீணாக்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு.

வாங்குபவர் போனில் பச்சை டிக் வந்ததை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள். அந்தத் திரையைப் போலியாகக் காட்டுகிற செயலிகள் உண்டு. உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பைப் பாருங்கள். சிலநேரம் உண்மையிலேயே அவர் கணக்கில் கழிந்து உங்களுக்கு வராமல் தொங்கும். அப்படித் தொங்கிய தொகையை அடுத்த நாளுக்குள் திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவர் பதறுவார், பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் பணம் வரும்வரை பொருள் உங்களிடம் இருக்கட்டும், விற்பனை அவருக்கே என்று வாக்குக் கொடுங்கள்.

ஏழாம் படி: ரசீது, பெயர் மாற்றம், விற்பனை முறிந்தால்

ஒரு வெள்ளைத்தாளில் பொருள், பேசிய விலை, எந்த வழியில் வந்தது, பிடித்தம் இருந்தால் எவ்வளவு, யார் ஏற்றார் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் பெற்றதற்கு ரசீது என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். யுபிஐ குறிப்பில் வண்டியின் "TN" எண்ணையோ பொருளின் பெயரையோ எழுதலாம், பிறகு தேட உதவும்.

வண்டி என்றால் ஆர்டிஓ செலவு தனிக் கணக்கு, பணப்பரிமாற்றக் கட்டணத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நாகர்கோவில் 74, மார்த்தாண்டம் 75 எண் வண்டி மாவட்டத்துக்குள்ளேயே கைமாறினால் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றுவதோடு முடியும். அந்தக் கட்டணம் வாங்குபவர் தருவது வழக்கம். பாறசாலைக்காரர் வாங்கிக் கேரள எண் போடப் போகிறார் என்றால் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அங்கே வரியும் கட்ட வேண்டும். வரி அவருக்கு. தடையில்லாச் சான்றுக்கு அலைவது விற்பவர் பெயரில்தான் நடக்கும் என்பதால், அந்த அலைச்சலுக்கு என்ன என்று முன்னமே பேசிக்கொள்வது நல்லது. வண்டி மேல் கடன் பாக்கி இருந்தால் அதை முடிக்கிற செலவு முழுக்க விற்பவருக்கு.

கடைசியாக, அதிகம் பேர் யோசிக்காதது: அட்வான்ஸ் வாங்கியாயிற்று, விற்பனை முறிந்துவிட்டது. யுபிஐயில் வந்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்பினால் முடிந்தது. கார்டு வழி வந்திருந்தால், பணத்தைத் திருப்பினாலும் முதலில் பிடித்த கட்டணத்தைப் பல நிறுவனங்கள் திருப்பித் தருவதில்லை. அந்த நஷ்டம் முறித்தவருக்கு. வாங்குபவர் மனம் மாறினால் பிடித்தம் கழித்துத் திருப்பலாம். விற்பவர் கூடுதல் விலைக்கு வேறு ஆள் பிடித்துக்கொண்டு முறித்தால் முழு அட்வான்ஸையும் கையிலிருந்து போட்டுத் தர வேண்டும். பொருளில் சொல்லாத குறை தெரிந்து வாங்குபவர் விலகினாலும் அப்படித்தான், முறித்தது அவர் வாய் என்றாலும் காரணம் உங்களுடையது. அட்வான்ஸ் வாங்குகிற அன்றே இதை வாட்ஸ்ஆப்பில் இரண்டு வரியாக அனுப்பி, அவரிடமிருந்து "சரி" என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.